லட்சங்களை வேண்டாம் என்ற கால்பந்து வீரர்

ஜெர்மனியில் கோடைகாலம் வந்துவிட்டால் கால்பந்து ஆட்டம் ஓய்ந்துவிடும். ஆனால் கால்பந்துப் பேச்சு ஓயாது!

ஆகஸ்டு மாதம் புதிய பருவம் தொடங்கும். அதற்குள் எந்த ஆட்டக்காரர் எந்த கிளப்புக்குப் போகிறார், அவருக்கு என்ன விலை என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. கோடிக்கணக்கில் பணம் கைமாறும். நேற்று ஒரு ஊருக்காகக் கோல் போட்டவர், நாளை அதே ஊருக்கு எதிராகக் கோல் போடுவார்.

அந்த ஜெர்மனியில், பெரும் பணம் தேடி வந்தபோதும் சொந்த ஊர் கிளப்பை விட்டுப் போகாத ஒருவர் இருந்தார். அவர் பெயர் பிரிட்ஸ் வால்டர்.

கிளப்பில் வளர்ந்த பிள்ளை

ஜெர்மனியின் தென்மேற்கில் கைசர்ஸ்லாட்டர்ன் என்று ஒரு ஊர். பெரிய நகரம் அல்ல. 1920-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பிரிட்ஸ் அங்கே பிறந்தார்.

ஊர் கால்பந்து கிளப்பின் உணவு விடுதியை நடத்தி வந்தவர் அவருடைய தந்தை. தாய் பெர்லின் நகரத்துப் பெண். ஆட்டக்காரர்கள் சாப்பிட வரும் இடமே வீடு போல இருந்தால் பிள்ளைக்கு வேறு என்ன ஆசை வரும்? பிரிட்சும் தம்பி ஓட்மாரும் எந்நேரமும் பந்தும் கையுமாகத்தான் இருந்தார்கள். இல்லை, பந்தும் காலுமாக!

பிரிட்ஸ் பாங்கியில் வேலை பழகினார். 17 வயதில் பெரியவர்களின் அணியில் இடம் பிடித்தார். 1940-ம் ஆண்டு ஜூலையில் ஜெர்மன் தேசிய அணிக்காக முதன் முதலாக ஆடினார். எதிரணி ருமேனியா. முதல் ஆட்டத்திலேயே 3 கோல் போட்டார்! அணியின் பயிற்சியாளர் செப் ஹெர்பர்கர் அந்த இளைஞரைத் தம் பிள்ளை போலவே பாவித்தார்.

ஆனால் அது யுத்த காலம். பிரிட்சும் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்.

உயிர் காத்த பந்து

1945-ல் ஜெர்மனி தோற்றது. அமெரிக்கர்களிடம் பிடிபட்ட பிரிட்ஸ், ருஷியர்களிடம் ஒப்படைக்கப்பட்டார். இன்று ருமேனியாவில் இருக்கும் சிகெட் என்ற ஊரில் கைதி முகாம். அங்கிருந்து கைதிகளை ரயிலில் ஏற்றி ருஷியாவுக்கு அனுப்பிக் கொண்டிருந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

முகாமில் ஹங்கேரிக் காவலாளிகள் பொழுதுபோக்காகப் பந்து ஆடுவது உண்டு. ஒரு நாள் பந்து பிரிட்ஸ் பக்கம் வந்தது. அவர் சும்மா இருப்பாரா? ஒரு உதை உதைத்தார். உதையைப் பார்த்தவர்கள் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக் கொண்டார்கள்.

காவலாளிகளில் ஒருவர் பிரிட்சை உற்று உற்றுப் பார்த்தார். 1942-ல் புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரியை ஜெர்மனி 5-க்கு 3 என்று தோற்கடித்த ஆட்டத்தை அவர் பார்த்திருக்கிறார். அதில் ஆடியவர் இவர் என்று கண்டுகொண்டார்!

மறுநாள் ருஷியா போகிறவர்களின் பட்டியலில் பிரிட்ஸ் பெயர் இல்லை. இவர் ஜெர்மானியர் அல்ல, சார் பிரதேசத்துக்காரர் என்று அந்தக் காவலாளி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டாராம். 1945 அக்டோபரில் பிரிட்ஸ் வீடு வந்து சேர்ந்தார். யுத்தத்தில் ஒட்டிக்கொண்ட மலேரியாவும் அவருடன் வந்தது.

ஸ்பெயினிலிருந்து வந்த அழைப்பு

பிரிட்ஸ் கிளப்பை மீண்டும் கட்டி எழுப்பினார். அவரே ஆட்டக்காரர், அவரே பயிற்சியாளர். 1948-ல் இத்தாலியா என்ற பெண்ணை மணந்தார். அது நாட்டின் பெயர் அல்ல, மணப்பெண்ணின் பெயர்! 1951-ல் கைசர்ஸ்லாட்டர்ன் அணி ஜெர்மன் சாம்பியன் ஆயிற்று.

அந்த ஆண்டில்தான் ஸ்பெயின் நாட்டு அட்லெடிகோ மாட்ரிட் கிளப் பிரிட்சை அழைத்தது. லட்சக்கணக்கான மார்க் தருவதாகச் சொன்னார்கள்.

அப்போது ஜெர்மன் ஆட்டக்காரருக்கு என்ன சம்பளம் தெரியுமா? மாதம் 320 மார்க்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். முழுநேரத் தொழில் ஆட்டமே அங்கு கிடையாது. 1963-ல் பண்டஸ்லிகா போட்டி வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. எத்தனை கோல் போட்டாலும் வயிற்றுப் பிழைப்புக்கு வேறு தொழில் வேண்டும். பிரிட்ஸ் சலவை நிலையம் நடத்தினார். சினிமா தியேட்டரும் நடத்தினார்.

அவருக்கு அப்போது 30 வயது. கால்பந்தில் அது கிழ வயதுக்குப் பக்கம். இந்த வாய்ப்பை விட்டால் இன்னொன்று வருமா? கணவனும் மனைவியும் கலந்து பேசினார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர்ப்பற்று ஒரு காரணம். தேசிய அணியும் நினைவில் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் ஆடுகிறவர்களை ஹெர்பர்கர் அணியில் சேர்ப்பதில்லை. இங்கிலாந்தில் கொடி கட்டிப் பறந்த ஜெர்மன் கோல்கீப்பர் டிரவுட்மேனுக்குக்கூடக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. அட்லெடிகோவின் பணத்தை வாங்கியிருந்தால், பிரிட்சுக்கும் 1954 வந்திருக்காது.

மழையில் வந்த வெற்றி

1954 மே மாதம் ஜெர்மன் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் கைசர்ஸ்லாட்டர்ன் 1-க்கு 5 என்று ஹனோவரிடம் படுதோல்வி அடைந்தது. இந்த ஊர்க்காரர்களையா உலகக் கோப்பைக்கு அனுப்புவது என்று ஜனங்கள் கொதித்தார்கள். ஹெர்பர்கர் காதிலேயே போட்டுக் கொள்ளவில்லை. அந்தக் கிளப்பிலிருந்து 5 பேரை அழைத்துப் போனார். பிரிட்ஸ் கேப்டன். தம்பி ஓட்மாரும் அணியில் இருந்தார்.

போட்டி நடந்தது சுவிட்சர்லாந்தில். பிரிட்ஸ் எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவம் உள்ளவர். அதனால் ஹெர்பர்கர் ஒரு தந்திரம் செய்தார். எப்போதும் சிரித்துக் கொண்டிருக்கும் ஹெல்முட் ரானை அவருடைய அறையில் தங்க வைத்தார்!

முதல் சுற்றில் ஹங்கேரியிடம் ஜெர்மனி 3-க்கு 8 என்று தோற்றது. பிறகு நிமிர்ந்தது. அரை இறுதியில் ஆஸ்திரியாவை 6-க்கு 1 என்று நொறுக்கியது. அண்ணன் 2 கோல், தம்பி 2 கோல்!

ஜூலை 4-ந் தேதி பெர்ன் நகரில் இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் ஹங்கேரி. நாலு வருடமாகத் தோல்வியே காணாத அணி. அன்று மழை கொட்டியது. மலேரியா வந்த பிரிட்சின் உடம்புக்கு வெயில் ஆகாது, மழையில்தான் கால் பறக்கும். இன்றும் ஜெர்மனியில் மழை பெய்தால் அதைப் பிரிட்ஸ் வால்டர் வானிலை என்கிறார்கள்.

8 நிமிடத்தில் ஹங்கேரி 2 கோல் போட்டுவிட்டது. கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். மோர்லாக் ஒன்று போட்டார். ரான் ஒன்று போட்டார். 84-வது நிமிடத்தில் ரான் இன்னொன்றும் போட்டார். உலகக் கோப்பை பிரிட்சின் கைக்கு வந்தது!

தோற்றவர்கள், பிரிட்சின் உயிரைக் காப்பாற்றிய காவலாளியின் நாட்டுக்காரர்கள். என்ன விந்தை, பாருங்கள்!

பிரிட்ஸ் 1958 வரை தேசிய அணியில் ஆடினார். 61 ஆட்டம், 33 கோல். 1985-ல் கைசர்ஸ்லாட்டர்ன் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

2001 டிசம்பரில் இத்தாலியா காலமானார். 2002 ஜூன் 17-ந் தேதி பிரிட்சும் கண்ணை மூடினார். அப்போது உலகக் கோப்பைப் போட்டி நடந்து கொண்டிருந்தது. நாலாவது நாள் அமெரிக்காவுடன் மோதிய ஜெர்மன் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக் கொண்டு களம் இறங்கினார்கள்.

2006-ல் உலகக் கோப்பைப் போட்டி ஜெர்மனிக்கு வந்தது. பிரிட்சின் நினைவு நாளான ஜூன் 17 அன்று, அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் ஆட்டம் நடந்தது. அமெரிக்காவுடன் மோதிய அணி இத்தாலி.