காதால் கேட்ட ஆங்கிலம்: மீனவர் மான்ஜிரோவின் கதை

யப்பானியருக்கு அன்றாட ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்கள் இன்று எத்தனையோ உள்ளன. அவற்றின் முன்னோடிகளில் ஒன்றை எழுதியவர், சொந்த மொழியையே ஒழுங்காக எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒரு மீனவர். அதை அறிந்த பிறகுதான் நகஹாமா மான்ஜிரோவைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1827இல் தோசா மாநிலத்தின் நகனோஹாமா என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். 1841 ஜனவரியில், 14 வயதில், வேறு நால்வருடன் தொழிலுக்குப் போன படகு புயலில் அகப்பட்டது. தோரிஷிமா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ஐவரும் கடற்பறவைகளைத் தின்று ஏறத்தாழ ஐந்து மாதம் உயிர்தப்பினர். ஜூனில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது.

அந்நியக் கப்பல்களுக்கு யப்பான் அப்போது கதவடைத்திருந்தது. அதனால் ஊருக்குத் திரும்ப வழியில்லை. மற்ற நால்வரும் ஹொனலுலுவில் இறங்க, மான்ஜிரோவைக் கப்டன் வில்லியம் விட்ஃபீல்ட் மசாசுசெட்ஸின் ஃபெயார்ஹேவனுக்குக் கூட்டிச்சென்றார். கப்பலில் காதால் பிடித்த ஆங்கிலத்தை அங்கே பள்ளியில் எழுதப் பழகினார். கணிதமும் கப்பலோட்டமும் கற்றார்.

ஆனாலும் வீட்டை மறக்கவில்லை. 1850இல் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கங்களில் உழைத்த காசைக் கொண்டு படகொன்று வாங்கினார். பழைய தோழர் இருவருடன் 1851இல் ரியூக்யூ தீவில் கரையேறினார். நாட்டை விட்டுப் போய்த் திரும்புவது மரணதண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. ரியூக்யூ, சத்சுமா, நாகசாகி, தோசா என்று விசாரணைக்கு மேல் விசாரணை. 1852இல்தான் தாயின் முன் போய் நின்றார். 11 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு. அது எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு சில நாள்தான் தாயுடன் இருந்தார். அதற்குள் அரச பணிக்கு அழைத்துவிட்டார்கள்.

1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்தபோது அவருடைய ஆங்கிலம் அரசுக்குத் தேவைப்பட்டது. எடோவுக்கு வரவழைத்து சாமுராய் தகுதி கொடுத்தார்கள். ஆனால் அமெரிக்கர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற சந்தேகத்தில், பேச்சுவார்த்தையில் மொழிபெயர்க்க விடவில்லை. உயிரைக் காத்த மொழியே அவரைச் சந்தேகத்துக்குரியவராகவும் ஆக்கியது.

1859இல் ஆங்கில உரையாடலுக்கான தன் கைநூலை வெளியிட்டார். நலம் விசாரிப்பது, காலநிலை பற்றிப் பேசுவது என்று அன்றாட வசனங்கள் இருநூறுக்கு மேல் அதில் இருந்தன. பக்கத்திலேயே உச்சரிப்பும் யப்பானிய எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல், காதில் விழுந்ததையே அவர் எழுதினார். தண்ணீருக்கான ஆங்கிலச் சொல் அவரிடம் ‘வரா’ என்பதுபோல ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ‘சன்ரே’ ஆகும். இன்றைய யப்பானியர் ‘வோட்டா’ என்று சொல்வதைவிட, அமெரிக்கரின் காதுக்கு அதுவே நெருக்கம்.

1860இல் கன்ரின் மாரு கப்பலில் மொழிபெயர்ப்பாளராக மீண்டும் அமெரிக்கா போனார். பின்னாளில் தோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 1870இல் ஃபெயார்ஹேவனில் விட்ஃபீல்டை நேரில் கண்டார். 1898இல் காலமானார்.

மொழிபெயர்க்க விடாமல் ஓரங்கட்டப்பட்ட ஆறு ஆண்டுகளில், தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு புத்தகம் செய்தார். மான்ஜிரோவில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.