ஜே. பி. எஸ். ஹால்டேன்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் (நவம்பர் 5, 1892 - டிசம்பர் 1, 1964) இங்கிலாந்தில் பிறந்து, பின்னர் இந்தியக் குடியுரிமை பெற்ற உயிரியலாளரும் மரபியலாளரும் ஆவார். இனத்தொகை மரபியலை நிறுவிய மூவருள் ஒருவராக இவர் பரவலாக அறியப்படுகிறார். நீரின் அழுத்தத்தில் மனித உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தம் உடலையே சோதனைப் பொருளாக்கி ஆராய்ந்தவரும் இவரே. இன்று பொழுதுபோக்காக ஸ்கூபா முறையில் நீர்மூழ்குவோர் பின்பற்றும் பாதுகாப்பு விதிகள் பலவற்றின் பின்னணியில் இவரது ஆய்வுகளும் இவர் தந்தையின் ஆய்வுகளும் உள்ளன.

இளமை

ஹால்டேன் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ் பெற்ற உடலியங்கியல் அறிஞர். எழுத்தாளர் நவோமி மிச்சிசன் இவரது தங்கை. தந்தை சுரங்கங்களிலும் ஆய்வுக்கூடத்திலும் நச்சு வளிகளைச் சோதித்தபோது சிறுவனான ஹால்டேன் உடனிருந்து உதவினார்.

1906 இல் பிரித்தானியக் கடற்படைக்காக ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தந்தை நீர்மூழ்கல் சோதனைகளை நடத்தினார். அப்போது 13 வயதான ஹால்டேனும் தலைக்கவசத்துடன் கூடிய மூழ்குடை அணிந்து கடலுள் இறக்கப்பட்டார். பெரியவர்களுக்காகத் தைக்கப்பட்ட அவ்வுடை அவருக்குப் பொருந்தாததால் உள்ளே நீர் புகுந்தது. ஆயினும் அவர் தீங்கின்றி மேலே வந்தார்.

அச்சோதனைகளின் முடிவுகள் 1908 இல் வெளியாயின. ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், விரைவாக மேலே வரும்போது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி, பக்கவாதம், மரணம் ஆகியவற்றை உண்டாக்கும். அழுத்தம் பாதியாகக் குறையும் வரை பொதுவாக இத்தீங்கு நேர்வதில்லை என்று கண்ட ஜான் ஸ்காட் ஹால்டேன், படிப்படியாக நின்று மேலேறுவதற்கான அட்டவணைகளை வகுத்தார்.

ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியிலும் பயின்றார். முதலாம் உலகப் போரில் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் பணியாற்றினார். 1915 இல் தந்தையுடன் சேர்ந்து நச்சுவளி முகமூடிகளைச் சோதித்தார். மெசப்பொத்தேமியாவில் காயமுற்றபின் ஓய்வுக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின் மீதான அவரது பற்று அப்போது தொடங்கியது.

அறிவியல் பணி

1923 முதல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்த ஹால்டேன், 1933 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். இயற்கைத் தேர்வைக் கணித முறையில் விளக்கும் கட்டுரைத் தொடரை 1924 இல் தொடங்கினார். 1932 இல் அரச கழக உறுப்பினராகத் தேர்வு பெற்றார்.

தீட்டிஸ் விபத்து

1939 சூன் 1 அன்று தீட்டிஸ் என்னும் புதிய பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது மூழ்கியது. அதில் இருந்த 103 பேரில் 99 பேர் இறந்தனர். கப்பல் கட்டும் தளத் தொழிலாளர் பலரும் இறந்தோருள் அடங்குவர். தொழிலாளர் சங்கங்களின் வேண்டுகோளை ஏற்று ஹால்டேன் இதன் காரணங்களை ஆராய்ந்தார். எசுப்பானிய உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தன்னார்வலர்களுடன் மூடிய எஃகு அறையில் தங்கி, வெளிவிட்ட மூச்சில் சேரும் கரியமில வாயுவின் விளைவுகளைப் பதிவு செய்தார். வழக்கத்தைவிட மிகுதியானோர் இருந்த கப்பலில் இவ்வளி விரைவாகப் பெருகித் தப்பும் திறனைக் குறைத்தது என்பது விளங்கியது.

அழுத்த அறைச் சோதனைகள்

இதன் தொடர்ச்சியாகக் கடற்படைக்காக அவர் மேற்கொண்ட சோதனைகளில் மார்ட்டின் கேஸ், ஹெலன் ஸ்பர்வே முதலியோர் பங்கேற்றனர். எசுப்பானியாவின் முன்னாள் பிரதமர் குவான் நெக்ரினும் தன்னார்வலராக அழுத்த அறைக்குள் சென்றார். கடலில் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 10 வளிமண்டல அழுத்தம் வரை சோதனைகள் நடைபெற்றன. 1941 இல் வெளியான முடிவுகளில் பின்வருவன முக்கியமானவை.

நைட்ரஜன்: அதிக அழுத்தத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவர் மது அருந்தியவர் போல் மயங்குகிறார். எளிய கணக்குகளிலும் பிழை செய்கிறார். தம் நிலையை அவரால் சரியாக மதிப்பிட இயலாது.

கரியமில வாயு: மேற்பரப்பில் தாங்கக்கூடிய அளவும் அழுத்தத்தில் நினைவிழப்பை உண்டாக்கக்கூடும்.

ஆக்சிஜன்: அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் வலிப்பை ஏற்படுத்தும். தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இச்சோதனைகளில் ஹால்டேனின் செவிப்பறைகள் கிழிந்தன. ஆக்சிஜன் நச்சால் வந்த வலிப்பில் முதுகெலும்பு நசுங்கி, வாழ்நாள் முழுவதும் வலி நீடித்தது. சிறு நீர்மூழ்கிகளில் பணிபுரிவோருக்குத் தேவையான காற்றின் அளவை அறியவும் இவரது ஆய்வுகள் பயன்பட்டன.

இந்திய வாழ்க்கை

முதல் மனைவி சார்லட்டிடமிருந்து 1945 இல் மணவிலக்குப் பெற்று, அதே ஆண்டில் ஹெலன் ஸ்பர்வேயை மணந்தார். 1956 இல் பிரித்தானியா சூயசு கால்வாய்ப் பகுதியில் படையெடுத்ததைக் கண்டித்த ஹால்டேன், 1957 இல் பி. சி. மகாலனோபிசின் அழைப்பை ஏற்று கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்திய உடை அணிந்து சைவ உணவை மேற்கொண்டார். 1961 இல் இந்தியக் குடிமகனானார். 1962 இல் புவனேசுவரத்துக்குச் சென்று மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். 1964 இல் புற்றுநோயால் அங்கேயே காலமானார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. தம் உயிருள்ள உடலைப் போலவே இறந்த உடலும் ஆய்வுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

இன்றைய நீர்மூழ்கலில் பயன்பாடு

நீர்மூழ்குவோர் மணிக்கட்டில் அணியும் கணிப்பான்கள், உடலின் வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்கின்றன என்னும் தந்தை ஹால்டேனின் கருத்தைத் தழுவியவை. மெதுவாக மேலேறுதல், சுமார் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்றல் ஆகிய பழக்கங்களின் நோக்கமும் குமிழி உருவாவதைக் குறைப்பதே. பொழுதுபோக்கு மூழ்கலுக்கு 40 மீட்டர் எல்லை வகுக்கப்பட்டிருப்பதற்கு நைட்ரஜன் மயக்கம் ஒரு முக்கியக் காரணம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் பொதுவாக 1.4 பாருக்கு மேற்படக்கூடாது என்பது இன்றைய விதி. இதனால் 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவையை ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழே பயன்படுத்துவதில்லை. எனவே உருளையில் உள்ள கலவையை மூழ்குமுன் ஒவ்வொருவரும் தாமே அளந்து பார்த்தல் வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கரையோர ஊர்களை ஒட்டிய பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. இத்தகைய கடலில் மயக்கமோ ஆக்சிஜன் நச்சோ காற்றைச் சுவாசிப்பவருக்கு நேர்வது அரிது. எனினும் ஆழம் குறைந்த நீர் ஆபத்தற்றது என்று கருதுவது தவறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கு உருளைக் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிந்து அதைக் கிழித்துவிடும். மேற்பரப்பில் இழுத்த மூச்சுடன் மூழ்கும் முத்துக்குளிப்போருக்கும் சங்கு குளிப்போருக்கும் இவ்விடர் இல்லை. அவர்களின் நுரையீரல் மேலே வரும்போது பழைய அளவையே அடைகிறது. மூச்சடக்கி மூழ்கிப் பழகியவர் ஸ்கூபா கருவிக்கு மாறும்போது, இடைவிடாது மூச்சுவிடும் பழக்கத்தை முதலில் கற்க வேண்டியிருப்பது இதனாலேயே ஆகும்.