கைகழுவச் சொன்னவரைக் கைகழுவிய உலகம்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் பெரியோர். அந்த மறுபிறவியைக் காக்கப் போராடித் தம் வாழ்வையே இழந்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் பற்றி ஈண்டுச் சில கூற விழைகிறேன்.

1818-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஹங்கேரியின் புடா நகரில் மளிகை வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1846-இல் அந்நகரப் பொது மருத்துவமனையின் முதலாம் பிரசவப் பிரிவில் உதவியாளராக அமர்ந்தார். அங்குப் பிரிவுகள் இரண்டு. முதலாவதில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். அவ்வாண்டில் பிரசவக் காய்ச்சல் முதலாம் பிரிவில் 100 தாய்மாருள் 11 பேருக்கு மேல் பலி கொண்டது. இரண்டாம் பிரிவிலோ 3 பேர் கூட இல்லை. முதலாம் பிரிவு வேண்டாமெனக் கர்ப்பிணிகள் மன்றாடினர்.

காரணம் யாது? 1847 மார்ச்சில், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு, அவருடைய நண்பர் டாக்டர் கோலெட்ச்கா மாண்டார். அவர் உடலில் கண்ட அடையாளங்கள், இறந்த தாய்மாரிடம் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்ப்பதே நஞ்சைக் கொண்டு செல்கிறது என அவர் தெளிந்தார். மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அனைவரும் கைகழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூலையில் 1.2 ஆகக் குறைந்தது!

ஆயினும், காக்கும் கையே கொல்கிறது என்ற உண்மையை ஏற்க மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. 1849-இல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகரம் சென்று பணியாற்றி, 1861-இல் நூலாக எழுதியும் ஏளனமே மிஞ்சியது. மனம் நொந்தார், நிலை குலைந்தார். 1865-இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். அங்குக் காவலர் அடித்ததாகக் கூறப்படுகிறது. புண் சீழ்பிடித்து, நஞ்சு இரத்தத்தில் ஏற, ஆகஸ்டு 13-ஆம் நாள் தம் 47-ஆம் வயதில் மறைந்தார். தாய்மாரைக் கொன்ற அதே வகை நோய் அவரையும் கொண்டு சென்றது.

அந்நோயை இன்று செப்சிஸ் என்கின்றனர். பிரசவத்திற்குப் பின்போ, புண்பட்ட பின்போ காய்ச்சல், குளிர்நடுக்கம், மூச்சிரைப்பு, பிதற்றல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றின், நாளை பார்க்கலாம் என்றிருத்தல் ஆகாது. அப்பொழுதே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அறிவாளர் அவையில் உண்மைக்குத் தடையாய் நின்றது அறியாமை அன்று, தன்மானம் என்றே நான் கருதுகிறேன். மாணவத் தோழர்களே! நம் தவற்றை ஒருவர் சுட்டும்போது சினவாது செவிசாய்ப்போம். அதனால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.