லண்டனை அடைய முப்பது ஆண்டுகள்: இரட்டைமலை சீனிவாசனின் ஆப்பிரிக்கக் காலம்

இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையை நம் மேடைகளில் சொல்லும்போது ஒரு தாவல் நிகழ்கிறது. ‘பறையன்’ இதழ் 1900-இல் நின்றது என்போம். அடுத்த மூச்சில், 1923-இல் அவர் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார் என்போம். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியை அவர் ஆப்பிரிக்காவில் ஒரு குடியேறியாகக் கழித்தார். வெள்ளையர் ஆளும் நகரில் பிழைக்கச் சென்ற கறுத்த மக்கள் என்றவுடன், உலகப் போருக்குப் பிந்தைய லண்டனும் மேற்கிந்தியத் தீவினரும் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றனர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே டர்பன் துறைமுகத்தில் நம் செங்கல்பட்டு மக்கள் இறங்கிக்கொண்டிருந்தனர்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் ஜூலை 7 அன்று சீனிவாசன் பிறந்தார். ஆண்டை 1859 என்றும் 1860 என்றும் குறிப்பர். அந்த 1860-இன் இறுதியில்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் நேட்டாலைச் சேர்ந்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனம் முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை விரிந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் எப்படி வாழ்ந்தனர் என்பதை மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கை 1891-இல் பதிவு செய்தது. கடனுக்குப் படியாளாகக் கட்டுண்ட குடும்பங்கள், குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையும் போகும். இத்தகைய மண்ணிலிருந்துதான் கப்பல்கள் ஆள் எடுத்தன.

கோவையில் படித்த சீனிவாசன், சக மாணவருடன் பழகினால் சாதி தெரிந்துவிடுமென அஞ்சி, வகுப்பு மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே தனித்திருந்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். அந்த மாணவரே 1893 அக்டோபரில், மறைத்துவந்த பெயரையே தலைப்பாக்கி இதழ் தொடங்கினார். இந்தத் தொலைவை அவர் எப்படிக் கடந்தார் என்று நாம் போதுமான அளவு வியக்கவில்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரத்தில் அமர்வர் என்று எதிர்த்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவை அனுப்பியதும் அக்காலத்தில்தான்.

மனு மட்டும் சென்றால் போதாது, நேரில் முறையிட வேண்டும் என்று 1900-இல் லண்டன் நோக்கிப் புறப்பட்டார். ஆனால் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. 1904 முதல் ஏறத்தாழ 1920 வரை தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார்.

அந்தப் பணியின் பொருளை உணர நேட்டாலின் சட்டத்தை அறிய வேண்டும். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். எழுத்துமூல அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது குற்றம். வேலைக்கு வராமலிருப்பதும் குற்றம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி என 1895-இன் சட்டம் விதித்தது. மூன்று பவுன் என்பது முதலாண்டுக் கூலியில் ஆறு மாத உழைப்பு. 1911-இல் ஆளெடுப்பு நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னை வழியே கப்பலேறியவர்கள், அவர்களிலும் பறையர் கணிசமானோர். ஆங்கிலச் சட்டம் பேசும் நீதிமன்றத்தில் இம்மக்களுக்குத் தம் வழக்கே புரியாது. இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் நாவில்தான் அவர்களது தண்டனையும் விடுதலையும் ஊசலாடின. அவர் அரசின் ஊழியர்தாம். காலனிய நீதியின் ஒரு பற்சக்கரம் என்றும் சொல்லலாம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கூண்டில் நின்றவரின் மொழியையும் சேரியையும் அறிந்த ஒருவர் அங்கிருந்தார் என்பதும் உண்மை.

காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் என்ற செய்தியை மட்டும் இக்காலத்திலிருந்து எடுத்துப் பலர் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913-இல் வேலைநிறுத்தம் செய்தோரில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்பவர் குறைவு. அயலகத் தமிழர் வரலாறு எழுதப்படும்போது சாதி கடலில் கரைந்துவிடுகிறது.

தாயகம் திரும்பி, சட்டமன்ற உறுப்பினராகி, 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நடப்பதைப் பற்றியது: பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் செல்லலாம், பொதுக்கிணறு, குளம், அலுவலகம் எவருக்கும் உரியவை. அனுமதிச் சீட்டுக்காக மனிதர் தண்டிக்கப்பட்ட நாட்டில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவர், சீட்டே இல்லாமல் சாதியால் வழிமறிக்கும் ஊர்த்தெருவை நோக்கி எழுப்பிய கோரிக்கையாகவே அதை நாம் வாசிக்கிறோம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது.

1930-இல், புறப்பட்டு முப்பது ஆண்டுகள் கழித்து, அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனை அடைந்தார். தீண்டாமை என்றால் என்னவென்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டபோது, தெருவில் விழுந்து கிடப்பவனைக்கூட மேல்சாதியார் தூக்கிவிடமாட்டார்கள் என்று விளக்கியதாக அவரே பதிவு செய்துள்ளார். அப்போது அவருக்கு வயது எழுபது.