மொழிகளுக்கு உறவு சொன்ன கால்டுவெல்



எங்க அவ்வா எண்ணும்போது ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்றுதான் எண்ணுவார். நம்ம ராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய உண்டு. சின்ன வகுப்பில் நான் மூணு என்று சொல்லாமல் மூடு என்று சொல்லி, எல்லாரும் சிரித்து, அழுதிருக்கிறேன். மூணும் மூடும் ஒரே குடும்பம் என்று 1856-லேயே ஒருவர் புத்தகம் போட்டு விட்டார் என்று அப்ப எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். அவர்தான் ராபர்ட் கால்டுவெல்.

இவர் 1814 மே 7-ல் அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தார். 1838 ஜனவரியில் கிறிஸ்தவ ஊழியம் செய்யக் கப்பலில் சென்னை வந்து இறங்கினார். பின்னாளில் தெலுங்கு அகராதி செய்த சி.பி. பிரவுனும் அதே கப்பலில்தான் வந்தாராம்! சென்னையில் மூன்று வருஷம் தமிழ் படித்தார். 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்குக் கிளம்பினார். எப்படி? நடந்தே! அதுவும் நேர் வழியில் இல்லை. தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை என்று சுற்றி வந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் தெரிந்துகொள்ள அதுதான் நல்ல வழி என்று நினைத்தார்.

கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இடையன்குடி. செம்மண் தேரியும் பனைமரமும் உள்ள ஊர். அங்கே ஏறத்தாழ ஐம்பது வருஷம் இருந்தார். 1844-ல் எலைசாவைத் திருமணம் செய்தார். அந்த அம்மா நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், லேஸ் பின்னவும் கற்றுக் கொடுத்தார். கால்டுவெல் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, இவர் பெயர் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதினேன்.

கால்டுவெல் தப்பே செய்யாதவர் இல்லை. 1849-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம் அந்தப் பகுதி மக்களைக் குறைவாகப் பேசியது. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தது சரிதான்.

அவருடைய பெரிய வேலை திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தெற்கத்தி மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்தில் இருந்து வந்தவை என்று அப்போது பல அறிஞர்கள் நம்பினார்கள். அப்படி இல்லை என்று 1816-லேயே எல்லிஸ் துரை எழுதியிருந்தார், ஆனால் அவர் சீக்கிரம் இறந்துவிட்டார். கால்டுவெல் அதை விரிவாக நிரூபித்தார். கடன் வாங்கிய சொல்லை விட்டுவிட்டு, எண்கள், நான் நீ என்கிற சொற்கள், வினைச்சொல் முடிகிற விதம் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நமக்கு மூன்று, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு. நமக்குக் கண், தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. 1875-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளைச் சேர்த்தார். அதில் நீலகிரித் தோடர் மொழியும் உண்டு, வடக்கே கோண்டு மக்கள் மொழியும் உண்டு.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவிலும் இதே வேலை நடந்தது. பிளீக் என்கிற ஜெர்மானியர் 1855-ல் அங்கே போய் சூலு மொழி கற்றார். சூலு மொழியில் மனிதன் உமுண்டு, மனிதர்கள் அபாண்டு. கிழக்குக் கரையில் உள்ள சுவாஹிலியில் ம்ட்டு, வாட்டு. நாம் 'கள்' என்று கடைசியில் சேர்க்கிறோம், அவர்கள் முன்னால் மாற்றுகிறார்கள்! இப்படிப் பார்த்துப் பார்த்து அந்த மொழிக் குடும்பத்துக்குப் பாண்டு என்று பெயர் வைத்தார். பாண்டு என்றால் மக்கள் என்றுதான் அர்த்தம். அவருடைய ஒப்பிலக்கணம் 1862-ல் வந்தது. கேமரூன் பக்கத்தில் இருந்து விவசாயம் செய்துகொண்டே ஆயிரக்கணக்கான வருஷமாகப் பரவிய அந்த மக்கள் இன்றைக்குச் சுமார் 500 மொழி பேசுகிறார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு அந்தப் பெயரையே பிரித்து வைக்கப் பயன்படுத்தியது. 1953-ல் பாண்டு கல்விச் சட்டம் என்று போட்டு, கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டமான படிப்பு கொடுத்தது. 1976-ல் சொவேட்டோவில் நம்ம வயசுப் பிள்ளைகள், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்கணும் என்று திணித்ததை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள்.

கால்டுவெல் 1877-ல் பிஷப் ஆனார். கொற்கையில் தோண்டிப் பார்த்து ஆராய்ச்சி செய்தார். 1881-ல் திருநெல்வேலி ஜில்லா சரித்திரம் எழுதினார். அப்போது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அந்த ஜில்லாவில்தான் இருந்தது. இடையன்குடிக் கோயிலை 1847-ல் கட்ட ஆரம்பித்து 1880-ல்தான் முடித்தார், 33 வருஷம்! 1891 ஆகஸ்டு 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். சென்னை மெரினாவில் 1968-ல் சிலை வைத்தார்கள்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஒண்ணு முதல் பத்து வரை உங்க வீட்டுப் பேச்சில் தமிழ் எழுத்தால் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்க. எங்க அவ்வா சொன்னதை நான் முதலில் ஒட்டியிருக்கிறேன்.