வெட்டப்பட்ட மூக்கு, வளர்ந்து ஒட்டிய 25 நாட்கள்: யார் இந்த காவஸ்ஜி?

மூக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருபவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் அட்வைஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான். தலையைக் கொஞ்சம் உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, குனிந்து பாரம் தூக்கக் கூடாது. மேலே உள்ள கட்டு ஒரு வாரம் போல இருக்கும். வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரை கண்ணாடி முன்னாடி நின்று கவலைப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

இந்த லிஸ்ட்டுக்கு ஒரு பழைய பதிப்பு இருக்கிறது. 1794 அக்டோபரில் லண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில், பி.எல். என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் கையெழுத்தாகப் போட்டு ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கூடவே தலைப்பாகை கட்டிய ஓர் இந்தியரின் படம். அவர்தான் காவஸ்ஜி. இன்று உலகம் முழுக்க பிளாஸ்டிக் சர்ஜரி பாடப் புத்தகங்களின் வரலாற்றுப் பகுதியில் இருக்கும் முகம்.

பெயரைக் கேட்டால் பார்சிக்காரர் போலத் தோன்றும். ஆனால் கடிதம் அவரை விவசாயக் குடியில் பிறந்த மராட்டியர் என்கிறது. வேலை, ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டுவது.

மாடு ஓட்டியவரை ஏன் பிடித்தார்கள்?

பாலக்கோட்டில் இருந்து ஓசூர் பஸ் ஏறினால் வழியில் ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்க்கலாம். 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் அப்போது பாரமகால். திப்பு சுல்தானின் மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்தப் போர்தான் மூன்றாம் மைசூர் போர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தோடு போர் முடிந்தபோது, பாலக்கோடு உட்பட இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போனது.

அந்தக் காலப் படைக்கு லாரியும் காளைதான், கிரேனும் காளைதான். அரிசி மூட்டை முதல் கோட்டையை உடைக்கும் பீரங்கி வரை அதுதான் இழுக்க வேண்டும். 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வாசல் வரை போன காரன்வாலிஸ், மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் தன் கனரக பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்ப வேண்டி வந்தது. அப்படிப்பட்ட போரில் மாடு ஓட்டுகிறவர் சிக்கினால் சும்மா விடுவார்களா?

காவஸ்ஜி திப்புவின் படையிடம் கைதியானார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த நிலையிலேயே ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே இருந்த பம்பாய்ப் படையிடம் வந்து சேர்ந்தார்.

மூக்கறுப்பு திப்பு கண்டுபிடித்த தண்டனை இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு, மதுரை திருமலை நாயக்கருக்கும் மைசூருக்கும் நடந்த சண்டைக்குப் பெயரே மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை வெட்டியது, மதுரைப் படை பதிலுக்கு வெட்டியது. உயிரை எடுப்பதில்லை, ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் செய்வதுதான் நோக்கம். நாலு பேர் முன்னால் ஒருவரை அவமானப்படுத்தினால் மூக்கறுத்துட்டான் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த அர்த்தம்தான்.

சுமார் ஒரு வருஷம் காவஸ்ஜி மூக்கில்லாமல் இருந்தார்.

மெழுகு, நெற்றித் தோல், காசுக்கட்டி

பிறகு பூனா பக்கத்தில் ஒருவரிடம் புது மூக்கு வைத்துக்கொண்டார். செய்தவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் இல்லை. செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது கடிதம். இந்த ஆபரேஷனை நேரில் பார்த்த பம்பாய் மாகாணத்தின் இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் சொன்னதை வைத்து, ஒவ்வொரு கட்டமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் மெழுகைத் தகடாகத் தட்டி மூக்கு வடிவத்தில் அளவு எடுப்பார். அதையே பிரித்து நெற்றியில் தட்டையாக வைத்துக் கோடு போடுவார். கோட்டின்படி நெற்றித் தோலை உரிப்பார், ஆனால் முழுசாக அறுக்க மாட்டார். இரு புருவங்களுக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டு தோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பாலம் வழியாகத்தான் ரத்தம் ஓடும். அது இல்லையென்றால் புது மூக்கு அழுகிவிடும். மொத்த ஆபரேஷனின் சூட்சுமமும் இந்தச் சின்னத் துண்டில்தான். பழைய மூக்கின் ஆறிய வடுவைச் சீவி, மறுபடி பச்சைப் புண்ணாக்கி, நெற்றித் தோலை அரைத் திருப்பு திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்துவார்.

மயக்க மருந்தாக ஈதர் உலகுக்குத் தெரிய வந்தது 1846-ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு நடந்த ஆபரேஷன் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தையலும் கிடையாது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து, துணித் துண்டுகளில் தடவி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பார்கள். அதன் துவர்ப்புக்குத் தோலைச் சுருக்கிப் பிடிக்கும் குணம் உண்டு. நான்கு நாள் அதைத் தவிர வேறு கட்டே இல்லை.

அதன் பிறகுதான் பொறுமைக்கு வேலை. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் காசுக்கட்டியை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. பத்தாவது நாள், மூக்குத் துவாரங்கள் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைச் சுருட்டி உள்ளே வைப்பார்கள். சுமார் இருபத்தைந்தாவது நாள், புருவ நடுவில் இருந்த தோல் பாலத்தை அறுத்து, அழகுக்காக இன்னும் கொஞ்சம் செதுக்குவார்கள். அதற்குள் மூக்கு தன் சொந்த ரத்த ஓட்டத்தில் பிழைக்கப் பழகியிருக்கும்.

அழகுக்காக என்பது இங்கே முக்கியம். மூச்சு விட வழி இருந்தால் போதும் என்று விடவில்லை, பார்க்கவும் மூக்கு போல இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். புது மூக்கு இயற்கை மூக்கு மாதிரியே தெரியும், நாளாக ஆக நெற்றித் தழும்பும் மங்கிவிடும் என்று கடிதம் பதிவு செய்கிறது.

படத்தில் ஒருவர், பெயரில்லாமல் ஒருவர்

மூக்கு திரும்பி வந்தது. கை வரவில்லை. கடிதம் வெளியானபோது காவஸ்ஜி கம்பெனியின் பென்ஷனில் இருந்தார். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் அவரை உட்கார வைத்து வரைந்த படம்தான் அச்சில் லண்டன் போனது. தன்னை வெட்டிய போரும், தன்னை வேலைக்கு வைத்த கம்பெனியும் மறந்து போயிருக்கக்கூடிய ஒரு மாடு ஓட்டி, இந்த ஒரு படத்தால் நிலைத்துவிட்டார்.

ஆனால் மூக்கு வைத்தவரின் பெயர் கடிதத்தில் இல்லை. பார்த்த டாக்டர்கள் இருவருக்கும் பெயர் உண்டு, வரைந்தவருக்குப் பெயர் உண்டு. செய்தவருக்குச் சாதி மட்டும்தான். நம்மூர் வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளும் இவரைத் தாண்டி நேராக சுஸ்ருதரிடம் ஓடிவிடுகின்றன. சுஸ்ருத சம்ஹிதை மூக்குக்குச் சொல்வது கன்னத்துத் தோலை. நெற்றித் தோல் முறையைக் கையில் வைத்திருந்தவர்கள் இவரைப் போன்றவர்கள்.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டார். பல வருஷம் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814 அக்டோபரில் ஒரு ராணுவ அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு வைத்தார். 1816-ல் புத்தகமாகவும் போட்டார். அடுத்து ஜெர்மனியில் கிரேஃப் அதைக் கையில் எடுக்க, ஐரோப்பா முழுக்கப் பரவியது. அங்கே இதற்குக் கிடைத்த பெயர், இந்திய முறை.

புற்றுநோயால் மூக்கின் பெரும்பகுதியை இழப்பவர்களுக்கு இன்றும் நெற்றித் தோலில் இருந்துதான் பெரும்பாலும் மூக்கு வைக்கிறார்கள். மயக்க மருந்து வந்துவிட்டது, நுண்ணிய தையல் வந்துவிட்டது, காசுக்கட்டி போய்விட்டது. புருவ நடுவில் விட்டுவைத்த அந்தத் தோல் பாலத்தை வெட்ட டாக்டர் தேதி குறிப்பது மட்டும் இப்போதும் உண்டு, வழக்கமாக மூன்றாவது வாரத்தில்.