இரு கண்களின் காட்சியைப் பதித்தவர்

நம் இரு கண்களும் ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்டுக் காண்கின்றன. மூளை அவ்விரண்டையும் இணைக்கையில் ஆழம் புலப்படுகிறது. இரு கண் பார்வையை இப்னுல் ஹைதம் அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். 1838இல் வீட்ஸ்டன் இரட்டைப் படங்களைக் காணும் கருவியை உலகுக்கு விளக்கினார்.

இம்முறையில் தமிழகத்தைப் பதிவு செய்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, சென்னைப் படையில் பணியாற்றிய இவர், 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞரானார். கருவிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்று, 1858இல் திருச்சி, தஞ்சைக் காட்சிகளை இரட்டைப் படங்களாக எடுத்தார். சற்றே இடம் மாற்றி எடுத்த இரு படங்களை அருகருகே ஒட்டி, கண்ணாடிக் கருவி வழியே நோக்கினால், கோபுரம் தாளிலிருந்து எழுந்து நிற்கும்! கொங்கு நாட்டையொட்டிய அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் அவர் சாதாரணப் படங்களாகப் பதிவு செய்துள்ளார் என்பது நமக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

ஆயினும் 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். அரசுக்கு மிச்சமானது சிறு தொகையே. இழந்ததோ, எடுக்கப்படாமலே போன ஊர்கள் எத்தனையோ என நாம் எண்ணுகிறோம். டிரைப் 1902இல் டெவன்போர்ட்டிலேயே காலமானார்.